அழித்த பிறகும் முப்பது நாள்

ஆற்றில் நீரில்லை, கோட்டையில் ராசா இல்லை என்று
வேலூருக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.
அதன் கடைசியில் என் கடையையும் எழுதிக்கொள்ளலாம்:
பாபு ராவ் தெரு, லாட்ஜுக்குக் கீழே,
மூன்று கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின்,
பூட்டில்லாத ஒரு மெயில் பெட்டி.

பூட்டு இருந்தது. சாவியைத்தான்
திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்தோம்.
கடைப் பெயர், பிறகு ஒன்று இரண்டு மூன்று.
எபநேசர் வேலைக்குச் சேர்ந்த வாரம்
பச்சை மையில் எழுதியது.
அவன் ஓசூருக்குப் போய் ஐந்து வருடம்.

"மெயில் பண்ணுங்க, பிரிண்ட் எடுத்துத் தரேன்."
ஒரு நாளைக்கு எழுபது முறை சொல்வேன்.
வங்காளத்திலிருந்து வருபவர்களுக்கு
வி என்றால் பி என்று கேட்கும்,
விரலால் காற்றில் எழுதிக் காட்டுவேன்.
ஆதார், பாஸ்போர்ட், பாஸ்புக்கின் முதல் பக்கம்,
மால்டாக்காரர் ஒருவரின் நுரையீரல்,
யாரோ ஒரு குழந்தையின் இதயத்தில்
துளை எத்தனை மில்லிமீட்டர் என்பது,
எல்லாம் வரும். பக்கத்துக்கு ஐந்து ரூபாய்.
தாள் அவர்களோடு போய்விடும்.
வந்தது வந்த இடத்திலேயே கிடக்கும்.

கத்திரி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை
வெள்ளைச் சட்டை, விரலில் பைக் சாவி சுழல
ஒருவர் வந்தார்.
"குடியாத்தத்துப் பொண்ணு, வசுமதின்னு.
இங்கதான் ஸ்கேன் ரிப்போர்ட் எடுத்துக்கினு போச்சாம்.
இன்னொரு காப்பி வேணும்."
நீங்க யாரு?
"சொந்தந்தான்." கொஞ்சம் குனிந்து,
"ஆகப்போற சொந்தம்."
ஸ்டேப்ளருக்கு அடியில் இரண்டு ஐந்நூறு.
அவர் கண் பச்சை மையின் மேல் இருந்தது.

தூசி துடைப்பதுபோல் அங்கே கையை வைத்தேன்.
"அன்னன்னிக்கே அழிச்சிடுவோம் சார்."
பதினொரு வருடத்தில் ஒரு நாளும் அழித்ததில்லை.
ஒரு நோட்டை எடுத்தார்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்றையும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தேடினேன்.
வசுமதி. இருந்தது.
பெயரைப் பார்த்தே அழிக்கலாம், திறக்கவே வேண்டியதில்லை.
திறந்தேன்.
அதில் என்ன இருந்தது என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

அழித்தேன். குப்பைக்குப் போனது.
குப்பையில் முப்பது நாள் இருக்கும் என்றது.
குப்பையையும் கொட்டினேன்.
பிறகு நிறுத்த முடியவில்லை.
ஐம்பது ஐம்பதாக, இருபத்திரண்டாயிரம்.
இவர்களில் சிலர் இப்போது எங்கேயும் இல்லை.
அவர்கள் கையெழுத்து மட்டும் என்னிடம் இருந்தது.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று
ஒரு பக்கம் காட்டியது.
வேலூரில் மூன்று கணினி. என் போன்.
ஓசூரில் ஒரு போன்.
கெட்ட எண்ணம் இருந்திருக்காது. மறந்திருப்பான்.
நானும்தான் மறந்திருந்தேன்.
எல்லோரையும் வெளியே அனுப்பினேன், என்னையும் சேர்த்து.

புதுச் சாவி நான்கு வார்த்தை.
ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.
அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன்.
இப்போது எந்தக் கணினியில் தட்டினாலும்
மடியில் இருக்கும் போன் என்னைக் கேட்கிறது,
நீதானா?
மணி இரண்டரை. ஆம்புலன்ஸ் ஒன்று
சத்தமில்லாமல் விளக்கோடு மட்டும் போனது.
ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன்.
அது இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை வசுமதியே வந்தாள்.
"அக்கா, அன்னிக்கு அனுப்பினேன் இல்ல,
அதுலேந்து இன்னொரு காப்பி."
"இல்லம்மா. திரும்ப அனுப்பு."
போனில் சார்ஜ் மூன்று சதவீதம்.
குடியாத்தம் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்.
"என்ன கடை நடத்துறீங்க?
ஒரு மெயிலைக்கூடப் பத்திரமா
வெச்சிக்கத் தெரியாம."

வெள்ளைச் சட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
சொன்னால், திறந்ததையும் சொல்ல வேண்டும்.
சார்ஜரை நீட்டினேன்.
முறைத்தபடியே வாங்கிக்கொண்டாள்.